ஜன்னல் வழியாக வந்த அண்ணன்

வியாழக்கிழமை விடிந்ததும் பேகானி பியேலா சாவுச் சங்கத்தின் கொட்டகையைத் திறந்துவிட்டார். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கூடாரத் துணியை வெளியே இழுத்துப் போட்டார். மூன்று கால் இரும்புப் பானைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து வெயிலில் கவிழ்த்தார். கை ஓடுகிற நேரமெல்லாம் வாயும் ஓடியது.

"அடியில கரி ஒட்டியிருக்கு பாரு, மண்ணு போட்டுத் தேயி. மத்தவங்க சாவுக்கே நான் குறை வச்சதில்ல. இது என் கூடப்பொறந்தவன் சாவு" என்று உதவிக்கு வந்த பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் எலாங்கேனியில் பதினைந்து வருடமாகச் சாவுச் சங்கத்தை நடத்துகிறவர் அவர். "முந்நூறு பேருக்குக் குறைஞ்சு எங்க ஊர்ல யாரும் மண்ணுக்குள்ள போனதில்ல" என்று பக்கத்து நகரமான எஷோவேயின் சந்தையில் நின்றுகூடச் சொல்வார். அதில் பொய் இல்லை. கூலிக்குக் கரும்பு வெட்டியவன் செத்தாலும் சரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் செத்தாலும் சரி, அதே கூடாரம், அதே மாட்டுக்கறி, அதே இரவு முழுக்கப் பாட்டு. ஊருக்கு அதில் கர்வம் உண்டு. எனக்கும் உண்டு, மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை டர்பன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர் பேகானியின் அண்ணன் வேலாபி. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கொரோனா என்று எழுதியிருந்தது. பேகானி ஊரில் சொன்னது வேறு. கேட்டவர்களிடமெல்லாம் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இதயம். திடீர்னு நின்னுபோச்சு" என்றார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடத்துச் சட்டப்படி சாவுக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது. இரவு உட்கார்ந்து பாடக் கூடாது. கொரோனாவில் இறந்தவர் என்றால் பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியைத் திறக்காமல், வீட்டுக்குள் கொண்டுபோகாமல், பிணவறையிலிருந்து நேரே குழிக்குக் கொண்டுபோக வேண்டும். பேகானி அமரர் ஊர்தி ஓட்டுகிற சித்தோலேயின் சட்டைப் பையில் ஒரு உறையைச் செருகி எல்லாவற்றுக்கும் வழி பண்ணிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெட்டி வீட்டுக்கு வரும், பிளாஸ்டிக்கைப் பிரிக்கலாம், ஊரே பாடலாம், சனிக்கிழமை காலை அடக்கம்.

வேலாபியின் மகள் தோலாகேலேவுக்கு இது பிடிக்கவில்லை. எஷோவேயில் தையல் கடை வைத்திருக்கிறவள், முப்பது வயது, கத்தரிக்கோல் மாதிரி நாக்கு. ஆனாலும் சித்தப்பாவிடம் அடக்கித்தான் பேசினாள்.

"சித்தப்பா, ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீங்களும்தான படிச்சீங்க?"

"படிச்சேன். அதை எழுதினவனுக்கு உங்கப்பாவைத் தெரியுமா? அம்பது பேரை வச்சுப் புதைக்க அவன் என்ன திருடிட்டு ஓடினவனா?"

"வர்றவங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"வாயக் கழுவு. சாவு வீட்டுல நின்னுக்கிட்டு அச்சானியமாப் பேசாத."

உள்ளே, தரையில் போட்ட மெத்தையில், போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு வேலாபியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிகிறவரை அவள் அந்த மெத்தையை விட்டு எழக் கூடாது. கூடாரம் எத்தனை முழம், மாடு எத்தனை என்று அவள் கேட்கவில்லை. பேகானியைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தம்பி, உடம்பு எப்படியும் வண்டியில வந்துரும். அவரை யாரு கூட்டிட்டு வருவா? அந்த மெஷினுங்களுக்கு நடுவுல தனியா விட்டுறாதீங்க. யாரும் அவரு கையக்கூடப் புடிக்கல."

"நான் போறேன் அண்ணி. நாளைக்கே போயி கூட்டிட்டு வர்றேன்" என்றார் பேகானி.

வீட்டுக்கு வெளியே செத்தவரின் ஆவி செத்த இடத்திலேயே நிற்கும். வீட்டு ஆள் ஒருவர் காட்டிலந்தைக் கிளையோடு அங்கே போய், பெயர் சொல்லி, குலப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கப்புறம் வீடு வந்து சேருகிறவரை கிளை வைத்திருப்பவர் உயிரோடிருக்கிற யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இறந்தவரிடம் மட்டும் பேசலாம். பேசவும் வேண்டும், ஆறு வந்தால் ஆறு, திருப்பம் வந்தால் திருப்பம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் அவர் வழியில் தங்கிவிடுவார்.

பானை தேய்த்த பெண்களுக்கு இது தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பேகானி டர்பன்லேருந்து இங்க வரைக்கும் வாயத் தொறக்காம வரணுமா? செத்தவரு எந்திரிச்சு வந்தாலும் வருவாரு, இது நடக்காது" என்றாள் ஒருத்தி. துக்க வீட்டில் சிரிக்கிற உரிமை எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை, டர்பனுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஷெசியின் வேனில் பேகானியும் தோலாகேலேவும் கிளம்பினார்கள். போகிற வழியெல்லாம் பேகானி போனில்தான் இருந்தார். மாட்டுக்கு ஆள் அனுப்பியாச்சா, சோள பீர் நொதிச்சிருச்சா, பாட்டுக்குழுத் தலைவி மாக்வாபேகிட்ட சொல்லியாச்சா. கேட்டவர்களிடம் நெஞ்சைத் தொட்டு, "இதயம்" என்றார். போனில் பேசும்போதும் நெஞ்சைத் தொட்டார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"உள்ள விட முடியாதுங்க ஐயா. மந்திரியே வந்தாலும் கேட்டோட நிறுத்தச் சொல்லி உத்தரவு."

"நான் நோயாளியப் பாக்க வரல தம்பி. எங்கண்ணனக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்று கிளையைக் காட்டினார் பேகானி. "கட்டிலத் தொடணும். தொடாம எப்படிக் கூப்பிடுறது?"

காவலாளி கிளையைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். வாசலுக்கு வெளியே இன்னும் இரண்டு குடும்பங்கள் இதே மாதிரி கிளையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தன. "எந்த வார்டு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போன் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது மாடி ஜன்னலில் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் அங்கி மாட்டிய ஒரு நர்ஸ் தெரிந்தாள். "அதான் ஜன்னல். அதுக்குக் கீழதான் கட்டில். கடைசி வரைக்கும் அந்தம்மாதான் பாத்துக்கிட்டாங்களாம்" என்றான் காவலாளி. நர்ஸ் ஜன்னலை முழுக்கத் தள்ளித் திறந்தாள். திறந்துவிட்டு, வழி விடுகிறவள் போல ஓரமாக விலகித் தலையைக் குனிந்து நின்றாள்.

பேகானி போனைத் தோலாகேலேவிடம் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். கிளையை உயர்த்தி, குலப்பெயரில் தொடங்கிக் கூப்பிட்டார்.

"மென்சிவா! வேலாபி! எங்கம்மா வயித்துல மூத்தவனே! நான் பேகானி வந்திருக்கேன். கட்டிலத் தொட விடமாட்டேங்கிறாங்க. ஜன்னல் தொறந்திருக்கு அண்ணே, அது வழியா வா. இங்க உனக்கு வேலை முடிஞ்சுபோச்சு. அண்ணி காத்துக்கிட்டு இருக்காங்க. வா, வீட்டுக்குப் போவோம்."

தெருவில் போன பேருந்துச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் மேலே ஏறியது. தோலாகேலே அழுதாள். பக்கத்தில் நின்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காவலாளியிடம் போய், "எங்களுக்கு எந்த ஜன்னல்?" என்று கேட்டன. சட்டத்தையும் மீறவில்லை, செத்தவர்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களை நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்துகிற இடங்களில் அந்த வாசலும் ஒன்று.

திரும்புகிற வேனில் ஒன்பது பேர் இருந்தார்கள். நோய்க்காகச் சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டும் என்பது சட்டம். தன் பக்கத்துக் காலி இருக்கையில் அண்ணன் வருகிறார் என்று பேகானி அதற்கும் சீட்டு வாங்கியிருந்தார். ஷெசி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "காலி சீட்டுக்குப் பாட்டன் காலத்துலேருந்து டிக்கெட் எடுக்குறவங்க நாம. கவர்மென்ட்டு இப்பத்தான் கத்துக்குது" என்றான். வேறு நாளாக இருந்தால் பேகானி இதற்குப் பத்துப் பதில் சொல்லியிருப்பார். இப்போது வாயைத் திறக்கவில்லை.

உம்கேனி ஆறு வந்தது. "அண்ணே, உம்கேனி. தாண்டுறோம்" என்றார். உம்வோட்டி வந்தது, சொன்னார். போன் மட்டும் ஓயவில்லை. தோலாகேலேதான் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. "ஆமா, சாயங்காலம்னுதான் சொன்னாரு... கூடாரம் கட்டியாச்சா?... எப்படிச் செத்தாருன்னா கேக்கறீங்க?" அந்தக் கேள்வி வந்தபோது அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். நெஞ்சைத் தொட்டுக் காட்ட அவருக்குக் கை வரவில்லை. இரண்டு கையும் கிளையில் இருந்தன. "அப்புறமாச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

துகேலா ஆற்றுப் பாலத்தில் போலீஸ் நிறுத்தியது. ஒரு பெண் போலீஸ் ஏறித் தலைகளை எண்ணினாள். பேகானியிடம் பெயர் கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு முறை அதட்டிக் கேட்டாள்.

"அவரு பேச முடியாது அக்கா. எங்கப்பாவக் கூட்டிட்டு வர்றாரு" என்றாள் தோலாகேலே.

அப்போதுதான் அந்தப் போலீஸ்காரி கிளையைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். காலி இருக்கைக்கு ஒரு முறை தலை குனிந்துவிட்டு, "நல்லபடியாக் கூட்டிட்டுப் போங்க" என்று இறங்கிப்போனாள்.

பாலத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பாக இருக்கிற சாலையில் போகும்போது சித்தோலே கூப்பிட்டான். வேன் சத்தத்தில் கேட்கவில்லை என்று தோலாகேலே ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் சித்தப்பாகிட்டக் கேளும்மா. வண்டியில ஏத்திட்டேன். இங்கயே ஒதுக்குப்புறமா வச்சுப் பிளாஸ்டிக்கப் பிரிச்சிரட்டுமா, இல்ல வீட்டுக்கு வந்து பிரிக்கிறதா? இப்பவே கிளம்புனாத்தான் சாயங்காலம் வந்து சேர முடியும்."

"சித்தப்பா, என்ன சொல்லட்டும்?" என்றாள் தோலாகேலே. அவர் வாய் திறக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் குடும்பத்துப் பெரியவர் ஏற்பாட்டை அவர் முன்னாலேயே மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பேகானி போனைப் பார்த்தார். காலி இருக்கையைப் பார்த்தார். பேசக்கூடிய ஒரே ஆளிடம் பேசினார்.

"அண்ணே. வீட்டுல உனக்காக முந்நூறு பேரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஊருக்குச் சொன்னதை அண்ணனிடம் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆட்கள் உயிரோடு இருப்பவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் அளப்பார்கள். கிளையைப் பிடித்துக்கொண்டு யாரும் பொய் சொல்வதில்லை, வருகிறவர் பாதியில் திரும்பிப் போய்விடுவார்.

"அண்ணே, இதயமில்ல. உனக்குத் தெரியும். மசிபூக்கோ கிழவரு சாவுக்கு வான்னு போன மாசம் நான்தான் உன்னக் கூப்பிட்டேன். கூட்டத்துக்குப் போக வேணாங்கிறாங்கடா, அப்புறம் வந்து கல்லறைக்கு ஒரு கல்லு வச்சுட்டுப் போறேன்னு சொன்ன. நான் கேலி பண்ணேன். டர்பன் போனதும் வெள்ளைக்காரனாயிட்டியான்னு கேட்டேன். நீ வந்த. இருநூறு பேருக்கு நடுவுல உன்ன உக்கார வச்சேன். ஒரே கலயத்துல பீர் குடிச்சோம், உனக்கு நான்தான் கைமாத்திக் குடுத்தேன். வாசல்ல ஒரே தொட்டித் தண்ணியில அத்தன பேரும் கை கழுவுனோம். மூணாம் வாரம் நீ அந்தக் கட்டில்ல கிடந்த."

முன் இருக்கையில் இருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதே கூடாரத்தத்தான் இப்ப உனக்குக் கட்டியிருக்கேன். அதே கலயம். அதே தொட்டி. மரியாதை மரியாதைன்னு நான் பண்ணதுதான் உன்னக் கொன்னுச்சு. இன்னிக்கு ராத்திரியும் அதையே பண்ணா, அடுத்த கிளைய எந்த வீட்டுக்கு வெட்டுறது அண்ணே? பெட்டிய யாரும் தொறக்க வேணாம். நீ நாளைக்குக் காலைல வந்தாப் போதும். நேராக் குழிக்கே போயிரு. என்ன மன்னிச்சிரு."

தோலாகேலே போனை வாயருகே கொண்டுபோனாள். "கேட்டுச்சா சித்தோலே அண்ணே? பிளாஸ்டிக்கத் தொடாதீங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு, நேரா."

அப்புறம் எஷோவே வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கேலி பண்ணிக் கூப்பிட்டது சித்தப்பா என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. எஷோவேயில் வேன் நின்றபோது இறங்கிப்போய்ச் சூடாகப் பொரித்த மாவுருண்டை இரண்டு வாங்கி வந்தாள். ஒன்றைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். கோபம் போய்விடவில்லை. காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எலாங்கேனிக்கு வந்தபோது முற்றத்தில் கூடாரம் நிமிர்ந்து நின்றது. பேகானி யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். வீட்டின் பின்சுவரோரம், முன்னோர் இருக்கிற இடத்தில் கிளையை வைத்தார். "வந்துட்டோம் அண்ணே. இது உன் வீடு" என்றார்.

மெத்தையிலிருந்து அண்ணி கேட்டாள். "வந்துட்டாரா?"

"வந்துட்டாரு அண்ணி. ஜன்னல் வழியா வந்தாரு." உயிரோடிருப்பவரிடம் அவர் அன்று திரும்பப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு வேனில் அண்ணனிடம் சொன்னதை அவளிடமும் சொன்னார். அவள் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். "போயி வெளிய இருக்கிறவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

முற்றத்தில் அறுபது எழுபது பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள். பேகானி கூடாரத்துக்கு வெளியே, வெயிலில் நின்றார்.

"எங்கண்ணன் இதயம் நின்னு சாகல. கொரோனால செத்தான். இந்தக் கூடாரத்துல வச்சுத்தான் அது அவனுக்கு ஒட்டுச்சு. உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். ராத்திரி பாட்டு கிடையாது. கூடாரத்தப் பிரிக்கப் போறேன். குடும்பத்தோட சேத்து அம்பது பேரு போதும், மத்தவங்க வீட்டுக்குப் போங்க."

முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருத்தி தோளில் கிடந்த துணியால் மூக்கை மூடிக்கொண்டாள். பாட்டுக்குழுத் தலைவி மாக்வாபேவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"வேலாபி பியேலாவ ஊமையாப் புதைக்கப் போறியா? எங்க எல்லா சாவுக்கும் டர்பன்லேருந்து ஓடி வந்தவரு. அவருக்கு யாரு பாடுவா? என் அடுப்படியில நின்னுக்கிட்டா நான் பாடுறது?"

"அங்கருந்தே பாடும்மா. கெஞ்சிக் கேக்குறேன்" என்றார் பேகானி. அவர் யாரிடமும் கெஞ்சி ஊர் பார்த்ததில்லை. மாக்வாபே விருட்டென்று திரும்பிப் போய்விட்டாள். பேகானி தனியாகவே கூடாரத்தின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார். மூன்றாவது கயிற்றுக்குத் தோலாகேலே வந்து கை கொடுத்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அமரர் ஊர்தி பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. வீட்டு முற்றத்தில் நாற்பத்தேழு பேர், தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில். வெள்ளை அங்கி போட்ட நான்கு பேர் பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியை இறக்கினார்கள். பெட்டியைத் தொடக்கூடக் கூடாது என்பதால், அதன் மேல் போர்த்த வேண்டிய அவருடைய போர்வையை, முற்றத்தோரம் வெட்டியிருந்த குழிக்குள் முதலிலேயே விரித்து வைத்திருந்தார்கள். இவ்வளவு அமைதியாக எங்கள் ஊரில் ஒரு பெட்டி இறங்கிப் பார்த்ததில்லை. பேகானியின் முகம் சுருங்கிப்போனது.

அப்போது எதிர் மேட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மாக்வாபே தன் வீட்டு வாசலில், தேவாலயத்து உடையைப் போட்டுக்கொண்டு நின்று பாடினாள். கீழ்வீட்டு வாசலில் இரண்டாம் குரல் சேர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் அடிக்குரலில் எடுத்தார்கள். அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மேட்டுக்கு மேடு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தந்தக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவரவர் கை கழுவ அவரவர் தொட்டி. ஆயிரம் பேர் இருக்கும். அடுத்த ஊர் மேட்டிலும் ஆட்கள் தெரிந்தார்கள்.

பேகானி குழியோரம் நின்று தலையை நிமிர்த்தினார். "மென்சிவா!" என்று கூப்பிட்டார். "மென்சிவா!" என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பதில் சொன்னது. அண்ணனின் குலப்பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மேடுகள் திருப்பிச் சொல்லின. அழுதுகொண்டேதான் சொன்னார். ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை.

எல்லாம் முடிந்து வண்டிக் கதவைச் சாத்தும்போது சித்தோலே சொன்னான்: "எத்தனையோ சாவுக்கு வண்டி ஓட்டியிருக்கேன் பேகானி. அம்பது பேரு சாவு இவ்வளவு பெருசா இருந்து பாத்ததில்ல. உன் உறைய நான் பிரிக்கவேயில்ல, இந்தா." உறையை வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

பேகானி கூடாரம் பூட்டிக் கிடக்கிற கொட்டகையைப் பார்த்தார். எதிர் மேட்டில் மாக்வாபே தன் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பதினைஞ்சு வருஷமாத் தலைய எண்ணி மரியாதைய அளந்துட்டேன் சித்தோலே" என்றார். "கூட்டம் சேக்குறது மரியாதை இல்ல. செத்தவனப் பேரு சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அவனுக்காக வந்தவங்கள உசிரோட அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பணும். அதுதான் மரியாதை."

சொல்லிவிட்டு, தன் வீட்டுத் தொட்டியில் தனியாகக் கை கழுவிக்கொண்டு அண்ணியிடம் போனார். அந்தக் குளிர்காலம் முடிகிறவரை எலாங்கேனியில் இன்னொரு கிளை வெட்டப்படவில்லை.